ஆறிய காயத்தின் உள்ளே

ஒப்பரேஷன் முடிந்து, தையல் வெட்டி, காயம் காய்ந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து "சுகமாகிவிட்டது" என்கின்றோம். வெளியே பார்த்தால் அது சரிதான். வயிற்றில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கோட்டுக்கு உட்புறத்தில் என்ன நடந்திருக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து அதே ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதும் கேட்பதில்லை. "வாய்வு" என்கின்றோம். "மனசுதான் காரணம்" என்கின்றோம். வேலைக்கு ஆள் தேவைப்படும் காலமாக இருந்தால் இன்னும் கடுமையான சொல்லும் வந்துவிடுகின்றது.

கலகெதரவைச் சுற்றியுள்ள எமது குடியிருப்புகளில் இந்தப் பேச்சை நான் பல வீடுகளில் கேட்டிருக்கின்றேன். தோட்டத்தை விட்டு வந்து துண்டு நிலத்தில் மிளகும் மரக்கறியும் வைத்திருப்பவர்கள், மண்சரிவில் வீடிழந்தவர்கள், வன்னியிலிருந்து உறவினரை நம்பி வந்தவர்கள் எல்லோரும் இங்கு இருக்கின்றார்கள். இவர்களுள் வயிறு வெட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்! சிசேரியன் செய்த தாய்மார், கருத்தடை ஒப்பரேஷன் செய்தவர்கள், அப்பெண்டிக்ஸ் எடுத்தவர்கள், கர்ப்பப்பை அகற்றியவர்கள், ஷெல் துண்டு பாய்ந்தவர்கள். "உள்ளுக்கு ஒரு கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருக்கு சாமி" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வைத்திய நூல்கள் சொல்வதற்கு மிகக் கிட்டிய வர்ணனை அது.

எமது வயிற்றறையின் உட்சுவரையும் குடலையும் வழுவழுப்பான ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கின்றது. ஏறக்குறைய இருபது அடி நீளமான சிறுகுடல் அந்தச் சிறிய இடத்துக்குள் சிக்காமல் வழுக்கி அசைவது இந்தச் சவ்வினால்தான். கத்தி பட்டாலும், கை பட்டாலும், துணி உரசினாலும், இரத்தம் தேங்கினாலும், கிருமி தொற்றினாலும் இச்சவ்வு புண்படும். புண்பட்ட இடத்தில் உடல் பிசின் போன்ற ஒன்றைச் சுரக்கும். பலாப்பழம் வெட்டுகின்ற எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் தடவாத கையில் பலாப்பால் பட்டால் விரலும் விரலும் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? சாதாரணமாக அந்தப் பிசின் சில நாட்களில் தானே கரைந்து போகும். கரையாத இடத்தில் அதற்குள் நார் வளரும். பின்னர் இரத்தக் குழாய்களும் நுண்ணிய நரம்புகளும்கூட நுழைந்து, குடலோடு குடலையும், குடலோடு வயிற்றுச் சுவரையும், கர்ப்பப்பையோடு சிறுநீர்ப்பையையும் கட்டிப்போடும் நிலையான தழும்பாகிவிடும். வைத்தியர்கள் இதனை அட்ஹீஷன் என்பர். நாம் உள்தழும்பு என்று சொல்லுவோம்.

இது யாரோ ஒருவருக்கு அபூர்வமாக வருவதல்ல. முன்பு ஒருமுறை வயிறு திறக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு வந்த 210 பேரைப் பார்த்து எழுதிய ஆய்வொன்று 1990இல் பிரித்தானியாவில் வெளிவந்தது. அவர்களில் 93 வீதமானோருக்கு உள்ளே தழும்பு ஒட்டியிருந்தது. 1986இல் வயிற்றிலோ இடுப்பறையிலோ திறந்த சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 30,000 பேரை ஸ்கொட்லாந்தில் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். மூவரில் ஒருவர், உள்தழும்போடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய காரணத்தினாலோ மறு சத்திரசிகிச்சைக்காகவோ, சராசரியாக இரண்டு தடவை மீண்டும் வைத்தியசாலைக்குப் போயிருந்தார். அந்த முடிவு 1999இல் வெளியாகியது. நல்ல வைத்தியர்களும் நல்ல கருவிகளும் உள்ள நாட்டின் கணக்கு இது. ஆகவே உள்தழும்பு உள்ளதென்றால் வைத்தியர் பிழை விட்டார் என்று அர்த்தமல்ல. உடல் தன்னைத் தானே ஒட்டிச் சுகப்படுத்தப் பார்த்ததன் விளைவு அது.

அதேவேளை வீணாகப் பயப்படவும் வேண்டாம். உள்தழும்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதை உணராமலேயே வாழ்ந்து முடிக்கின்றார்கள். சிலருக்கே அது வலியாகின்றது. இன்னும் சிலருக்கு அது குடல் அடைப்பாகின்றது. அங்கேதான் உயிர் தொங்குகின்றது.

குடல் அடைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றேன். உள்தழும்பு சில வேளை நார்க் கயிறு போல நீண்டு கிடக்கும். ஒரு நாள் குடல் அதில் மடிந்து சிக்கும். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு வலி விட்டு விட்டு முறுக்கும். வாந்தி வரும். முதலில் உண்டது வரும், பின்னர் பச்சையாகவும் மஞ்சளாகவும் வரும். வயிறு மேளம் போல் ஊதும். மலமும் போகாது, காற்றும் பிரியாது. ஒப்பரேஷன் செய்த மறு மாதமும் இது வரலாம். இருபது வருடம் கழித்தும் வரலாம். "அது எப்பவோ செய்த ஒப்பரேஷன்" என்ற எண்ணம்தான் இங்கே எம்மை ஏமாற்றுகின்றது.

இந்த வேளையில் எமது வீடுகளில் என்ன நடக்கின்றது? முதலில் இஞ்சியும் ஓமமும். பிறகு பெருங்காயம். காற்றுப் பிரியவில்லை என்பதால் விளக்கெண்ணெய் அல்லது பேதி மருந்து. இஞ்சித் தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை, நேரம்தான் போகும். பேதி மருந்து அப்படியல்ல. அடைபட்ட குழாயை மேலிருந்து நெருக்குவதற்கு ஒப்பானது அது. வாந்தியும் வயிற்று ஊதலும் மலக்கட்டும் சேர்ந்து, வயிற்றில் பழைய தழும்பும் இருந்தால், பேதி மருந்து கொடுக்க வேண்டாம், சாப்பிடக் கொடுக்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016இல் இரண்டு மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. வாகனம் ஏறமுடியாத ஒழுங்கையென்றால் நோயாளியை நாற்காலியில் வைத்தாவது பெரிய வீதிக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கலகெதர வைத்தியசாலையில் காட்டலாம். அங்கிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவதென்றால் அவர்களே அனுப்புவார்கள்.

அங்கே உடனே வெட்டிவிடுவார்கள் என்ற பயம்தான் பலரை வீட்டில் வைத்திருக்கின்றது. அது தேவையற்ற பயம். உள்தழும்பால் வரும் அடைப்புகளில் பெரும்பகுதி கத்தி இல்லாமலே தீருகின்றது. வாயால் ஒன்றும் கொடுக்காமல், மூக்கு வழியாக ஒரு குழாயை இரைப்பைக்குள் விட்டு, தேங்கியதை வெளியே எடுத்து, சேலைன் ஏற்றி, ஓரிரு நாள் கவனமாகப் பார்த்திருப்பார்கள். குடல் தானாக விடுபட்டுக்கொள்ளும். ஆனால் சிக்கிய துண்டுக்கு இரத்தம் போகாமல் நின்றுவிட்டால் மணித்தியாலக் கணக்கில் அது அழுகும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவதும், காய்ச்சல் அடிப்பதும் அதன் அடையாளங்கள். முன்னேரத்தோடு போனவர் குழாயோடு தப்புகின்றார், பிந்திப் போனவர் குடலின் ஒரு பகுதியை இழக்கின்றார், அல்லது உயிரையே இழக்கின்றார்.

இனி, அடைப்பு இல்லாமல் வலி மட்டும் உள்ளவர்களைப் பற்றி. இவர்களின் துன்பம் வேறு விதமானது, ஏனென்றால் காட்டுவதற்கு எதுவுமில்லை. எக்ஸ்ரேயில் உள்தழும்பு தெரியாது. சாதாரண ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. "ரிப்போட் எல்லாம் சுத்தம்" என்ற சொல்லோடு வீடு திரும்பும் பெண்ணை மாமியார் எப்படிப் பார்ப்பார், கணவன் எப்படிப் பார்ப்பார் என்று எழுதத் தேவையில்லை. ரிப்போட் சுத்தமாக இருப்பது நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. அந்தக் கருவிக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய தழும்பு உள்ளவருக்கு வரும் வலியெல்லாம் தழும்பின் வலியும் அல்ல. பித்தப்பைக் கல், இரைப்பைப் புண், தையல் விட்ட இடத்தில் குடலிறக்கம், கர்ப்பப்பை நோய்கள், சிலவேளை புற்றுநோய்கூட அதே இடத்தில் வலிக்கும். ஆகவே முதலில் கிளினிக்கில் முறையாகக் காட்டி, மற்றவை இல்லை என்று தெரிந்துகொள்ளல் வேண்டும்.

"பிள்ளை பெற்ற கையோடு தண்ணிக்குடம் தூக்கினாள், அதனால்தான் உள்ளே இப்படி ஆகிவிட்டது" என்று பெண்ணையே குற்றம் சொல்லும் வழக்கமும் எம்மிடையே உண்டு. இது முழுத் தவறு. உள்தழும்பு ஒட்டுவதா விடுவதா என்பது ஒப்பரேஷன் நடந்து ஏறக்குறைய முதல் வாரத்துக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகின்றது. அப்போது அவள் இருந்தது கட்டிலில். பாரம் தூக்குவதால் வரக்கூடியது தையல் பலவீனமாகிக் குடல் பிதுங்குவது, அது வேறு. அதற்காகத்தான் ஆறு வாரமாவது பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகின்றார்கள். எத்தனை வீடுகளில் அந்த ஆறு வாரம் கிடைக்கின்றது? நிரந்தரத் தொழிலாளிக்குப் பிள்ளைப்பேற்றுக்குச் சட்டத்தில் விடுமுறை இருக்கின்றது. பிறர் காணிக்கு நாட்கூலிக்குப் போகும் எமது பெண்களுக்கு அது நடைமுறையில் எட்டாக்கனி. சொந்தத் துண்டு நிலத்தில் பாடுபடுபவளுக்கு விடுமுறை தரவேண்டிய முதலாளி அவளுடைய கணவனே. எமது ஆண்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். தண்ணீர் சுமப்பதும் விறகு சுமப்பதும் ஆணின் தோளுக்கு ஒத்துவராது என்று எந்த வைத்தியரும் எழுதி வைக்கவில்லை.

பெண்களை இது அதிகம் தாக்குவதற்குக் காரணம் அவர்கள் வயிறே அதிகம் வெட்டப்படுகின்றது என்பதாகும். 2016இல் எடுக்கப்பட்ட நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் பிறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சிசேரியன். தாயையும் சேயையும் காப்பாற்றும் சிசேரியனை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எத்தனை தாய்மார் இன்று இல்லை! ஆனால் இரண்டாவது, மூன்றாவது என்று போகும்போது உள்ளே ஒட்டுதலும் கூடிக்கொண்டே போகும், அடுத்த ஒப்பரேஷன் கடினமாகும். "நல்ல நேரம் பார்த்து வெட்டி எடுக்கலாம்" என்ற பேச்சு நகரத்திலிருந்து எமது பக்கமும் ஏறி வருகின்றது. அது எனக்கு உடன்பாடில்லை. முதல் வெட்டு அவசியமா என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு. கருத்தடையின் கதை இன்னொன்று. 1980இல் அதற்கு அரசாங்கம் கையில் பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களில் அதைச் செய்துகொண்டவர்களின் பங்கு நீண்டகாலம் நாட்டின் மற்றைய பகுதிகளைவிட அதிகமாக இருந்தது. சிறிய வெட்டு என்பதால் அதில் ஒட்டுதல் குறைவு. ஆனாலும் அந்தப் பெண்களுக்கு உள்ளே என்ன செய்யப்பட்டது, பின்னர் என்ன வரலாம் என்று எவரேனும் அமர்ந்து விளங்கப்படுத்தினார்களா?

விளங்கப்படுத்தாத இடத்தில் வதந்தி குடியேறும். எமக்குப் பக்கத்திலேயே, இதே ஏ10 வீதியின் அந்தப் பக்கம், குருநாகலில் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த மாதம், குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிங்களத் தாய்மாருக்கு சிசேரியன் செய்யும்போது இரகசியமாக மலடாக்கினார் என்று செய்தி பரவியது. அவர் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் வந்தார். 2022இல் தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்கும்படி சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். வரிசையில் நின்ற அந்தப் பெண்களை நான் பரிகசிக்க மாட்டேன். முதற் பிள்ளைக்குப் பிறகு வயிறு வலிப்பதும், அடுத்த பிள்ளை தங்காமல் போவதும் அவர்கள் வாழ்வில் உண்மையாகவே இருந்த துயரங்கள். அதற்கு வயது, கிருமித் தொற்று, கணவனின் குறைபாடு, உள்தழும்பு குழாய்களை இறுக்குவது என்று பல சாதாரணக் காரணங்கள் உண்டு. அவற்றை முன்னமே சொல்லி வைத்திருந்தால், வெறுப்பை விற்பவர்களுக்கு அந்தத் துயரம் இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்காது.

மருந்து என்ன என்று கேட்பீர்கள். உள்தழும்பைக் கரைக்கும் மாத்திரை இல்லை. எண்ணெய் தேய்த்தோ கஷாயம் குடித்தோ அது போகாது. "அறுத்து விடுவித்துவிடலாம்" என்பது கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் அறுத்த இடத்திலும் புதுத் தழும்பு ஒட்டும். 2003இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நாட்பட்ட வலியோடு வந்த 100 பேருக்குச் சிறு துளை வழியாகக் கமெரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தழும்பை அறுத்து விடுவித்தார்கள், மறு பாதிக்கு வெறுமனே பார்த்துவிட்டு மூடினார்கள். எவருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இரு பகுதியினருக்கும் வலி குறைந்திருந்தது, இரு பகுதிக்கும் இடையில் வித்தியாசம் இருக்கவில்லை! ஆகவே வலிக்காக மட்டும், காதுத்தோட்டை அடகு வைத்து இன்னொரு ஒப்பரேஷனைத் தேடி ஓடுமுன், அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். அடைப்புக்காக வெட்ட வேண்டும் என்று சொன்னால் அது வேறு, அப்போது தயங்க வேண்டாம்.

தினசரி வாழ்வில் செய்யக்கூடியது சிறிய விடயங்கள்தான். ஒரே தடவையில் வயிறு முட்ட உண்ணாமல் சிறிது சிறிதாக உண்பது. நன்றாக மென்று விழுங்குவது. அடிக்கடி முறுக்கு வலி வருபவர்கள் நார் கூடிய பலாக்காய், தோடம்பழச் சக்கை போன்றவற்றைக் குறைத்து, வைத்தியர் சொல்லும்படி நடப்பது. கொழுந்துக் கூடையோ மரக்கறி மூட்டையோ சுமக்கும் வேலையை வேறொருவரோடு மாற்றிக்கொள்வது. இந்தக் கடைசி விடயம் தனியாளால் முடியாது. கைமாற்று வேலை எமது கிராமங்களுக்குப் புதிதல்ல, அதை நோயுற்றவருக்கும் நீட்டினால் போதும். சுமை தூக்க முடியாதவர் நாற்று மேடையையோ கணக்கையோ பார்க்கட்டும்.

இந்த விடயத்தில் ரப்பருக்கும் ஒரு பங்குண்டு, எமது சரிவுகளில் ரப்பர் வெட்டுபவர்களுக்காகச் சொல்லுகின்றேன். வைத்தியர்களின் ரப்பர் கையுறை இலகுவாக ஏறுவதற்காக அதற்குள் மாப்பொடி தூவுவது நீண்டகால வழக்கம். அந்தப் பொடி வயிற்றுக்குள் விழுந்தால் தழும்பு கூடும் என்று தெரிந்தும், பல தசாப்தங்கள் அப்படியே இருந்தது. அமெரிக்கா அத்தகைய கையுறைகளைத் தடைசெய்தது 2017இல்தான்.

எமது மக்களுக்கென்றே உள்ள ஒரு பிரச்சினை இருக்கின்றது. அது துண்டு இல்லாமை. 2009 பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டோர், நோயாளர், உடன் வந்தோர் என்று ஏறக்குறைய 14,000 பேரைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றியது. அவர்களில் வயிறு திறக்கப்பட்டவர்கள் பலர். எந்த இடத்தில், யார், எதை வெட்டினார், எதைத் தைத்தார் என்ற குறிப்பு பலரிடம் இல்லை. மண்சரிவில் வீட்டோடு கடதாசியும் போகின்றது. தோட்டத்தை விட்டு இறங்கியவர்களின் பழைய துண்டுகள் லயத்துக் கூரையிடுக்கிலேயே கறையானுக்குப் போய்விட்டன. இப்படிப்பட்ட ஒருவர் கண்டியில் அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது, "முன்பு என்ன ஒப்பரேஷன்?" என்ற கேள்விக்கு "வயித்துல" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. மொழியும் ஒரு தடை. ஒப்பரேஷன் என்ற சொல் மூன்று மொழியிலும் ஒன்றாக இருப்பதொன்றே ஆறுதல். காணி உறுதியை எப்படி வைத்திருக்கின்றோமோ அப்படியே டயக்னோசிஸ் காட்டையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. காணி இல்லாதவர்களுக்கு அதுவே உறுதி.

மாதர் சங்கங்கள் வரும் மாதக் கூட்டத்துக்கு ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கட்டும். வயிற்றில் ஒப்பரேஷன் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போதும். என்ன ஒப்பரேஷன், எந்த ஆண்டு, எந்த வைத்தியசாலை, தெரிந்தால் வார்ட் இலக்கமும் பி.எச்.டி. இலக்கமும், பின்னர் வலி வந்து எத்தனை தடவை நிறுத்தி வைத்தார்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று பாடசாலை போகும் பிள்ளை ஒன்றைக் கொண்டு எழுதுவிக்கலாம். கடதாசி தொலைந்தவர்கள் நினைவில் உள்ளதையாவது சொல்லட்டும். தழும்பு எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்பதும்கூட வைத்தியருக்கு உதவும். பெண்கள் தம் விடயத்தை எல்லோர் முன்னும் சொல்லக் கூச்சப்பட்டால் தனியாக எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். அதன் பிரதி ஒன்றை அடையாள அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். வலி வரும் இரவில் அதைத் தேடி எடுக்கப்போவது நோயாளி அல்ல.